கோவலனுக்கு ஒரு வக்கீல் இருந்திருந்தால்...



நம்ம மதுரையின் மிகப் பழைய வழக்கு எது என்று கேட்டால் நான் கோவலன் வழக்கைத்தான் சொல்வேன். சிலப்பதிகாரம் நாம் எல்லோருக்கும் தெரியும். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். சிலம்பு விற்க வந்த கோவலன் மேல் பழியைப் போட்டுவிட்டான். பாண்டிய மன்னன் கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. கொன்று சிலம்பைக் கொண்டு வரச் சொன்னான். பிறகு கண்ணகி வந்து, அரண்மனையில் இருந்த அதே சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து. இதிலிருந்து தெறித்ததோ மாணிக்கம்! வழக்கில் ஜெயித்தாச்சு. ஆனால் கோவலன்தான் உயிரோடு இல்லை.

கவனித்தீர்களா? சாட்சிப் பொருள் மன்னன் கையிலேயே இருந்தது. உடைத்துப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அதே கோவலன் இன்றைக்குப் பிடிபட்டால் என்ன நடக்கணும்? என் மாமா மாவட்ட கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. திருட்டுக் குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்தே ஆகணும் என்பதும் இல்லை. நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லி விசாரிக்கலாம். கைது செய்தால், ஏன் செய்தோம் என்று போலீஸ் காரணம் எழுதி வைக்கணும்.

2. என்ன காரணத்துக்காகக் கைது என்று கோவலனிடம் சொல்லியே ஆகணும். கைதுக் குறிப்பில் தேதி, நேரம் எழுதி, குடும்பத்தார் அல்லது ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். மாதரி வீட்டில் காத்திருக்கும் கண்ணகிக்குத் தகவல் போகணும். டி.கே.பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த கட்டளைகள் இவை. பின்பு சட்டத்திலேயே சேர்ந்துவிட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன.

3. கைதானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. தான் விரும்பும் வக்கீலை வைத்துக் கொள்ளலாம். இரண்டுமே அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு தரும் உரிமை.

4. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இது 20-வது பிரிவு. அடித்து ஒப்புக்கொள்ள வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது.

5. வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களும், நம்மைப் போன்ற சிறுவர் சிறுமியரும்கூடக் கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். இலவச உதவி எண் 15100.

6. போலீஸ் 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கோவலனின் உரிமை. அதற்கு மனுப் போடணும். போடாமல் இருந்தால் அந்த வாய்ப்பு கை நழுவிப் போகலாம்.

இனி வழக்கு விசாரணை. "குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதில் ஓட்டை எங்கேன்னு பாக்குறதுதான் எங்க வக்கீல் வேலை" என்றார் மாமா. கோவலனின் வக்கீல் என்ன செய்வார்? பொற்கொல்லனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். சிலம்பு காணாமல் போன அன்று கோவலன் மதுரையிலேயே இல்லை என்று சாட்சி கொண்டு வருவார். கண்ணகியிடம் உள்ள ஜோடிச் சிலம்பைக் காட்டுவார். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்கச் சொல்லி மனுப் போடுவார். நியாயமான சந்தேகம் இருந்தாலே கோவலனுக்கு விடுதலைதான்.

"குற்றம் செஞ்சவனுக்கு எதுக்குடா உரிமை?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். செய்தானா இல்லையா என்று தெரிவதற்குத்தானே விசாரணை!

சட்டம் இருந்தும் அது ஸ்டேஷனுக்குள் நுழையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி, வியாபாரி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸார் பிடித்தார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார், 23 காலை அப்பா இறந்தார். மாஜிஸ்திரேட் முன் போவது ஒரு சடங்காக முடிந்தால் உயிரே போய்விடும் என்று நாடு முழுவதும் பேசியது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. ஸ்டேஷனுக்கே நேரில் போய் விசாரிக்க ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் அன்றிரவு கண்டதைத் துணிந்து சொன்னார். சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. விசாரணை நடந்தது நம் மதுரையில்தான். அந்த ஒன்பது பேரும் வக்கீல் வைத்துக் கொள்ளலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். என் நண்பன் கேள்விக்கு இதுதான் பதில். அப்பாவிக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்கிறேன். போன வருஷம் ஒரு அண்ணனை ராத்திரி விசாரணைக்கு என்று கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று தெரியாமல் அவர் அம்மா விடிய விடிய அலைந்தார். போன இடத்தில் எல்லாம் "இங்க இல்லம்மா" என்று பதில். மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கு இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தெருவே கூடி நின்றது. ஆனால் என்ன கேட்கணும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கேட்க வேண்டியது நான்கே கேள்விதான். எந்த ஸ்டேஷன்? என்ன காரணம்? கைதுக் குறிப்பு எங்கே? எத்தனை மணிக்கு எந்த மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போறீங்க? பதில் கிடைக்காவிட்டால் 15100-க்குப் போன் போடுங்கள். உள்ளே இருப்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது அடித்திருந்தால் அதைச் சொல்லணும். காயத்தைக் காட்டணும். டாக்டரிடம் அனுப்பக் கேட்கணும். வக்கீல் வேண்டும் என்று சொல்லணும். "அந்த அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கணும் மாப்ள" என்கிறார் மாமா.

நமக்கும் தனிச் சட்டம் உண்டு. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டு போகணும். பெற்றோருக்கும் சொல்லணும்.

நண்பர்களே! அந்த நான்கு கேள்விகளையும் 15100 என்ற எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ராத்திரி நேரத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையப் போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்