மைக் வாங்கும் முன் ஃபேனை நிறுத்துங்கள்! - வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்ய என்ன தேவை?

"நல்லா பாடுறா, யூடியூப்ல போடலாமே... ஒரு மைக் வாங்கிட்டா போதும்!"

பாட்டு கிளாஸ் போகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. போனை எடுத்துத் தேடினால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் தொடங்கி லட்சம் வரை மைக்குகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஸ்டாண்டு, முன்னால் வட்டமாக ஒரு வலை, கலர் விளக்கு என எல்லாம் சேர்ந்த 'ஸ்டுடியோ செட்' பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆர்டர் போட்டு, வந்ததும் பாடிக் கேட்டால் பாட்டோடு ஃபேன் காற்றும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும், தெருவில் போன பைக்கும் சேர்ந்தே கேட்கும். ஒரு மாதத்தில் செட் பரணுக்குப் போய்விடும்.

காரணம் எளிமையானது. இந்த செட்டுகளில் பெரும்பாலும் இருப்பது கண்டென்சர் வகை மைக். மெல்லிய சத்தத்தையும் விடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. அமைதியான ஸ்டுடியோவில் அது வரம். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாப் இருக்கும் வீட்டில் அதுவே தலைவலி. அதனால் செலவை மைக்கில் ஆரம்பிக்காதீர்கள்.

முதல் கருவி, அறை

ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒரு எதிரொலி வால் கேட்கிறதா? டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருக்கும் நம் ஹால்களில் கட்டாயம் கேட்கும். பாடும்போது அந்த எதிரொலியும் மைக்கில் ஏறும். ஏறிவிட்டால் பிறகு எந்த ஆப்பாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

அதே கைதட்டலை படுக்கையறையில் தட்டுங்கள். மெத்தை, தலையணை, துணிமணி எல்லாம் சத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் வால் குறைந்திருக்கும். அங்கேதான் ரெக்கார்டிங். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பாடுங்கள். முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. செலவு பூஜ்யம்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டும் யோசனை மட்டும் வேண்டாம். வெளிச் சத்தத்தை அது தடுக்காது, எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது, கரப்பான் பூச்சி வரும். ஆன்லைனில் விற்கும் கறுப்பு நுரைப் பலகையும் அறைக்குள் இருக்கும் எதிரொலியைத்தான் ஓரளவு குறைக்கும். தெருச் சத்தத்துக்கு மருந்து ஜன்னலைச் சாத்துவதும், அதிகாலையில் எழுந்திருப்பதும்தான். ஃபேனையும் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் ஒரு வர்ணம் பாடுவது தண்டனைதான். ஒரு டேக் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள்!

'வீட்டிலேயே ரெக்கார்டு செய்து ஜெயித்தார்கள்' என்றதும் பலரும் பில்லி ஐலிஷ் பெயரைச் சொல்வார்கள். 2020-ல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கிய அவருடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் அண்ணனின் படுக்கையறையில்தான் பதிவானது. கவனியுங்கள், படுக்கையறை! ஹால் இல்லை.

கையில் இருக்கும் போன் போதுமா?

முதல் சில மாதங்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால், போன் என்பது பேசுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. ஒரே சீராக ஒலிக்கும் சத்தத்தைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும் குணம் பல போன்களுக்கும் ஆப்களுக்கும் உண்டு. நம் சங்கீதத்தில் ஒரே சீராக ஒலிப்பது எது? தம்புராவும் சுருதிப் பெட்டியும்! பாவம், போனுக்கு ஃபேனும் தம்புராவும் ஒன்றுதான். பதிவில் சுருதி வந்து வந்து போவதற்கும், குரல் சில இடங்களில் அமுங்குவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆன்லைன் கிளாஸில் டீச்சருக்கு 'சுருதியே கேட்கலை' என்று ஆவதும் இதனால்தான். ஜூம் செயலியில் இதற்காகவே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது.

பாட்டைப் பதிவு செய்யும்போது, ரெக்கார்டர் ஆப்பின் செட்டிங்ஸில் இரைச்சல் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். ஐபோனின் வாய்ஸ் மெமோஸில் ஆடியோ குவாலிட்டியை 'லாஸ்லெஸ்' என்று மாற்றலாம். ஆண்ட்ராய்டில் வேவ் ஃபைலாகச் சேமிக்கும் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பாடி அனுப்புவது குசலம் விசாரிக்க சரி, சேமித்துவைக்க உதவாது.

போனின் மைக் பெரும்பாலும் அடியில், சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் பாடுபவரைப் பார்க்கட்டும். ஓர் அடி தூரம் போதும். மடித்த துண்டின்மேல் வையுங்கள், மேஜை அதிர்வு ஏறாது. ஏரோபிளேன் மோடு மறக்க வேண்டாம்.

வாங்கியே தீருவது என்றால்...

முதலில் ஹெட்போன் வாங்குங்கள் என்பேன். காதை முழுக்க மூடும், வயர் உள்ள ஹெட்போன். போன் ஸ்பீக்கரில் கேட்காத ஃபேன் இரைச்சலும் எதிரொலியும் இதில் கேட்டுவிடும். குறை தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்? கரோக்கியோ சுருதியோ கேட்டுக்கொண்டே பாடுபவர்களுக்கு ப்ளூடூத் ஒத்துவராது. சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேருவதால் தாளம் நழுவும்.

அடுத்துதான் மைக். சத்தமான வீடு என்றால் டைனமிக் வகை நல்லது. மேடைகளில் கையில் பிடித்துப் பாடுகிறார்களே, அந்த வகை. ஷூர் எஸ்எம்58 மாடல் 1966-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அதில் போலிகளும் நிறைய என்பதால் அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்கவும். வாய்க்கு மிக அருகில், மூன்று நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பாடினால்தான் டைனமிக் மைக் தன் வேலையைக் காட்டும். தூரத்துச் சத்தங்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அமைதியான அறை வாய்த்தவர்கள் கண்டென்சருக்குப் போகலாம். அதிலும் நேராகப் போனிலோ லேப்டாப்பிலோ சொருகும் யூஎஸ்பி மைக், ஒருவர் மட்டும் பாடுவதற்குப் போதும். பாட்டும் வீணையும் சேர்ந்து என்றால் இரண்டு மைக் சொருகும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' பெட்டி வேண்டும். ஸ்டுடியோ வகை கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ரெக்கார்டு செய்து பாருங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்.

சட்டையில் குத்தும் சின்ன மைக் பேச்சுக்கானது, பாட்டுக்கு வாங்காதீர்கள். வயலின், மிருதங்கத்தோடு நாலு பேர் உட்கார்ந்து பாடும் வீடு என்றால் ஆளுக்கொரு மைக் வாங்குவதைவிட, கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்றை ஐந்தாறு அடி தள்ளி வைப்பது எளிது. நாகஸ்வரத்தைச் சின்ன அறையில் பதிவு செய்ய நினைப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். அது வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம்.

லெவல் பார்ப்பதில் ஒரு விஷயம். எல்லோரும் பல்லவியைப் பாடி லெவல் வைப்பார்கள். அனுபல்லவியில் மேல் ஷட்ஜம் ஏறும்போது மீட்டர் சிவப்பைத் தொட்டு, சத்தம் கிழிந்துவிடும். கிழிந்ததை ஒட்ட வைப்பது கடினம். பாட்டின் உச்ச இடத்தை முதலில் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி வையுங்கள். வெட்டி ஒட்ட, கணினியில் ஆடாசிட்டி, போனில் பேண்ட்லேப் என இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது, அடுத்த வருடம்கூட மைக் வாங்கலாம். வீட்டில் தாலாட்டோ, நலங்குப் பாட்டோ, கும்மியோ தெரிந்த பாட்டி இருந்தால் எந்தப் பார்சலுக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அவர் வழக்கமாகச் சாயும் கட்டிலிலேயே உட்காரவையுங்கள். போனைத் துண்டின்மேல் வைத்து ரெக்கார்டரை ஓட விடுங்கள். முதல் பத்து விநாடி யாரும் பேச வேண்டாம். அறையின் வெறும் சத்தம் மட்டும் பதிந்திருந்தால், பிறகு ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்க அது மாதிரியாக உதவும். பிறகு, அந்தப் பாட்டை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேளுங்கள். பதில் சொல்லிக்கொண்டே அவர் பாட ஆரம்பித்துவிடுவார். நடுவில் நிறுத்தி 'மறுபடி முதல்லேர்ந்து' என்று மட்டும் கேட்காதீர்கள்.