தத்து நாய்களும் எல்லை விதிகளும்

தில்லி, மும்பை போன்ற நகரங்களில் விபத்திலும் நோயிலும் சிக்கிய தெருநாய்களை மீட்டுப் பேணும் அமைப்புகள், அவற்றுள் சிலவற்றை அயல்நாட்டுக் குடும்பங்களுக்குத் தத்து கொடுப்பதுண்டு. இரக்கத்தால் நிகழும் இக்காரியத்திற்கு இத்தனை கெடுபிடிகள் எதற்கு என்று பலர் வினவுகின்றனர். வெறிநாய்க்கடி நோயே அதற்குக் காரணம். அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயினின்று பிழைப்பவர் மிக அரியர். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் இந்தியர் கணிசமானோர்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை எடுத்துக்கொள்வோம். முதலில் நாயின் உடலில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். தடுப்பூசி அதற்குப் பின்னரே. ஊசி போடும்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். இந்தியா ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெறாத நாடாதலின், ஊசி போட்டு 30 நாட்களேனும் கழித்து எடுத்த இரத்தத்தை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையலாகாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ ஏழு மாதம் நிரம்பாத குட்டி இந்தியாவிலிருந்து ஐரோப்பா செல்ல இயலாது.

சோதனையில் தேறிய நாய் ஏன் மேலும் காத்திருக்க வேண்டும்? தடுப்பூசிக்கு முன்பே நாயை நோய்க்கிருமி தொற்றியிருந்தால், ஊசி அதனைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரத்தச் சோதனையும் அதைக் காட்டிக் கொடுக்காது. நோய் வெளிப்படச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். மறைந்திருக்கும் தொற்று வெளிப்படுவதற்கான அவகாசமே அம்மூன்று மாதம். பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்த எண்ணி இதனைச் சுருக்க முயல்வோர் இதை அறிதல் நலம்.

பொருளாதாரத்தில் புறவிளைவு என்று கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. காத்திருக்கும் செலவு தத்தெடுப்பவருடையது. காத்திராமையின் செலவோ ஊராருடையது. 2015-இல் எகிப்திலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு மீட்பு அமைப்பொன்றின் வழியே வந்த நாய்க்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. அதன் தடுப்பூசிச் சான்றிதழ் பொய்யானது. அந்நாயுடன் பழகியோரைத் தேடிக் கண்டு சிகிச்சையளிக்கும் பொறுப்பு சுகாதாரத் துறையின் தலையில் விழுந்தது.

வேறொரு நுணுக்கமும் உண்டு. உரிமையாளர் தம் நாயுடன் பயணம் செய்வது வணிகமன்று. உரிமை கைமாறுவதற்காக நாய் அனுப்பப்பட்டால், இலாபம் இல்லாவிடினும் அது வணிகப் பெயர்ச்சியாகவே கொள்ளப்படும், விதிகளும் கடுமையாகும். கனடா 2022 செப்டம்பர் 28 முதல், இந்நோய் மிகுந்த நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக்கும் நாய்கள் வருவதைத் தடை செய்தது. இந்தியாவும் அப்பட்டியலில் உள்ளது. அமெரிக்கா 2021 ஜூலையில் இத்தகைய நாடுகளின் நாய்களை நிறுத்தி வைத்தது; 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலிருந்து நாய் வெளியேற, கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புப் பணியின் சுகாதாரச் சான்றிதழ் தேவை. அலுவலகத்தை அணுகுமுன் விண்ணப்பதாரர் சிப்பின் எண்ணைத் தடுப்பூசிப் பதிவிலும் ஆய்வக அறிக்கையிலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் அந்த ஆய்வறிக்கை அந்நாயினுடையது என்று நிறுவ வழியில்லை. காத்திருந்த மாதங்கள் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படலாம்.