சிபியு சும்மா இருக்கிறது, டேட்டாபேஸ் திணறுகிறது

2019 பிப்ரவரி 3, ஞாயிறு இரவு. ஆர்டர் ரசீது, பாஸ்வேர்டு மாற்றும் மெயில் போன்றவற்றைப் பல நிறுவனங்களுக்காக அனுப்பித் தரும் மாண்ட்ரில் சேவையின் ஐந்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்களில் ஒன்று, புதிதாக எதையும் எழுத மறுத்துவிட்டது. எண் தீர்ந்துபோனதுதான் காரணம். சரிசெய்ய ஏறத்தாழ 40 மணி நேரம் பிடித்தது.

எண் எப்படித் தீரும்? போஸ்ட்கிரஸ், எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பரிவர்த்தனை எண் போடும். அது 32 பிட் எண்; மொத்தமே சுமார் 429 கோடிதான். அதைத் தாண்டினால் பழைய அம்பாசிடர் காரின் மீட்டர்போலத் திரும்பவும் முதலிலிருந்து சுற்றும். எது முந்தையது, எது பிந்தையது என்று பிரித்தறிய வேண்டியிருப்பதால், ஒரு நேரத்தில் அதில் பாதியைத்தான் புழங்க முடியும். பழைய பதிவுகளுக்கு ‘இவை என்றைக்கும் பழையவை’ என்று முத்திரை குத்தி எண்களை விடுவிக்கும் வேலைக்கு ‘வேக்யூம்’ என்று பெயர். அது பின்தங்கினால், தகவல் குழம்புவதைவிடக் கடையைச் சாத்துவது மேல் என்று டேட்டாபேஸ் நின்றுவிடும். 2015 ஜூலையில் சென்ட்ரி என்ற சேவையும் இதே பள்ளத்தில் விழுந்தது. சென்ட்ரியின் தொழிலே, மற்றவர்களின் மென்பொருளில் வரும் பிழைகளைக் கண்டு சொல்வது!

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்றுதான் பலர் டேட்டாபேஸை வாடகைக்கு எடுக்கிறார்கள். அமேசானின் ஆர்டிஎஸ் 2009 முதல் இருக்கிறது. சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் இத்தகைய சேவைகளுக்குச் சூட்டும் ‘மேனேஜ்டு’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். என்ன குவரி ஓடுகிறது, எந்த இண்டெக்ஸ் இல்லை, எந்தக் கணக்கு தீரப்போகிறது என்பதெல்லாம் வாடிக்கையாளர் தலையில்தான்.

டேஷ்போர்டைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் போவது சிபியு கிராஃபுக்கு. அது 10 சதவீதத்தில் படுத்திருக்கும். இணையதளமோ நத்தையாக ஊரும். இதற்கு ஆர்டிஎஸ்ஸில் ஒரு பழைய காரணம் உண்டு. ஜிபி2 என்ற டிஸ்க் வகையில், ஒரு ஜிபிக்கு விநாடிக்கு 3 முறைதான் படிக்கவோ எழுதவோ உரிமை. 100 ஜிபி டிஸ்க் என்றால் 300 முறை. ஆனால் கையிருப்பாக 54 லட்சம் கிரெடிட் தருவார்கள். அது உள்ளவரை விநாடிக்கு 3,000 வரை பறக்கலாம். அப்படிப் பறந்தால் விநாடிக்கு 2,700 கிரெடிட் கரையும். 2,000 விநாடியில், அதாவது சுமார் 33 நிமிடத்தில், கையிருப்பு காலி. பிறகு வேகம் பத்தில் ஒரு பங்கு. டிஸ்க்கைத் தொடாமல் விட்டாலும் கையிருப்பு முழுக்க நிரம்ப ஐந்து மணி நேரமாகும்.

சோதனையின்போது பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் பிரமாதமாகத் தெரியும். விற்பனை நாளில் அரை மணி கழித்து வண்டி படுத்துவிடும். ‘பர்ஸ்ட் பேலன்ஸ்’ என்ற அளவீடு இதைச் சதவீதமாகக் காட்டுகிறது. அது 20-க்கு இறங்கியதும் அலாரம் அடிக்கட்டும் என்று வைத்தால், முழு வேகத்தில் மிஞ்சுவது ஏழு நிமிடம்கூட இல்லை. 50-இல் வைப்பதே புத்திசாலித்தனம். பின்னால் வந்த ஜிபி3 வகையில் இந்தக் கையிருப்பு விளையாட்டு கிடையாது. 3,000 அடிப்படையாகவே கிடைக்கும்.

சராசரியும் ஒரு பசப்புக்காரன். ஆயிரம் குவரிகளில் 990-க்கு 2 மில்லி விநாடியும், மீதிப் பத்துக்குத் தலா 2 விநாடியும் ஆனால் சராசரி 22 மில்லி விநாடிதான். கிராஃப் அழகாக இருக்கும். அந்தப் பத்தில் ஒன்று பணம் கட்டும் பக்கமாக இருந்தால்? அதனால்தான் அனுபவசாலிகள் சராசரியை விட்டு, மிக மெதுவான ஒரு சதவீதத்தைப் பார்க்கிறார்கள். நேர இடைவெளியிலும் இதே கதை. பத்து விநாடி நூறு சதவீதமாகக் கொதித்து, மீதி ஐம்பது விநாடி பத்தில் கிடந்த சிபியு, நிமிடக் கணக்கில் வெறும் 25 என்றே தெரியும். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் காட்டுவது நிமிடக் கணக்குத்தான். விநாடிக்கு விநாடி பார்க்க ‘என்ஹான்ஸ்டு மானிட்டரிங்’ வசதியைத் தனியே இயக்க வேண்டும்.

மாண்ட்ரிலைச் சாய்த்த கணக்குக்கும் ஆர்டிஎஸ் போஸ்ட்கிரஸில் ஓர் அளவீடு உண்டு: ‘மேக்சிமம் யூஸ்டு டிரான்சாக்‌ஷன் ஐடிஸ்’. வழக்கமான அமைப்பில், ஓர் அட்டவணையின் வயது 20 கோடி எண்ணைத் தாண்டியதுமே வேக்யூம் தானாகக் கிளம்பும். அதன் பிறகும் அந்தக் கோடு நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போனால், எங்கோ ஏதோ வேக்யூமைத் தடுக்கிறது என்று பொருள். முடிக்காமல் விட்ட ஒரே ஒரு பரிவர்த்தனைகூட அதற்குப் போதும்.

இந்த எண்களில் பலவற்றை அமேசான் தானே சேகரித்து வரைந்து வைக்கிறது. எந்த எண்ணுக்கு அலாரம் அடிக்க வேண்டும், அது யார் கைப்பேசிக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் வாடிக்கையாளர்தான் அமைக்க வேண்டும்.