வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம்

"தண்டவாளம் பார்த்த மனுஷனுக்குப் பெண்கள் சமாச்சாரத்தில் என்ன வேலை?" என்று நம் சங்கத்துச் சகோதரிகள் கேட்கலாம். கேட்கட்டும். என் மகள் பதினோரு வருடம் பட்ட பாடுதான் என்னை எழுத வைக்கிறது.

அப்போது ஒலவக்கோட்டில் குடியிருந்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே மாதத்தில் மூன்று நாள் அவள் சுருண்டு படுத்துவிடுவாள். வெந்தயமும் மோரும் கொடுத்தோம். "எங்களுக்கெல்லாம் வராததா?" என்றாள் என் மனைவி. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார் ஒரு டாக்டர். இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் 'நார்மல்' என்றே வந்தது. 26 வயதில் கோயம்புத்தூரில் லேப்ராஸ்கோப்பி செய்தபோதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது.

கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு, சூலகம், குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே வளர்வதுதான் இந்த நோய். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் அதுவும் கசிந்து, புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே அப்படித் திசு வளர்ந்தால் அதன் பெயர் அடினோமயோசிஸ், உதிரப்போக்கு அதிகமாகும். பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகில் 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

தண்டவாளத்தின் உள்விரிசலை நாங்களும் அல்ட்ராசோனிக் கருவியால்தான் தேடுவோம். கருவிக்குத் தப்பும் விரிசல் உண்டு என்று தெரிந்த நானே, ஸ்கேன் காகிதத்தை நம்பி, மகளை நம்பாமல் இருந்துவிட்டேன்.

அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஹார்மோன் மாத்திரையும் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் வலியைக் கட்டுப்படுத்தும். லேப்ராஸ்கோப்பி செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும் என்று காத்திராமல், அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் 2022ல் வழிகாட்டினார்கள். ஆக்ஸ்போர்டு தலைமையில் 2023ல் வெளிவந்த மரபணு ஆய்வு, 60,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 42 மரபணு இடங்களைக் கண்டது. அவற்றில் சில ஒற்றைத் தலைவலி, முதுகுவலியோடும் தொடர்புடையவை. ஆனால் அதில் ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நம் நாட்டுப் பெண்களை வைத்து ஆராயும் பணியை மும்பையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் எடுத்திருக்கிறது.

2023ல் கேரள அரசு, மாதவிலக்கை முன்னிட்டுப் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப்பதிவு 73 சதவிகிதம் இருந்தாலே போதும் என்றது. நல்லதுதான். ஆனால் போடி, கம்பம் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்கு வரும் நம் பெண்களுக்கு என்ன சலுகை? வலி என்று படுத்தால் அன்றைய கூலி போயிற்று.

சென்ற மாதம் நெடுங்கண்டத்திலிருந்து என் அக்கா போன் செய்தாள். பதினாறு வயதுப் பேத்தி மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடக்கிறாளாம். "கஷாயம் போட்டுக் கொடுக்கிறேன், பார்ப்போம்" என்றாள். என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள். "கஷாயம் கொடுங்க அண்ணி. கையோட ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே கூட்டிட்டு வந்துடுங்க. திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துடலாம்."