மின்னஞ்சல் இறங்கவில்லையா? வணிகர்கள் கவனத்திற்கு

முன்பெல்லாம் பெங்களூர் மண்டியில் பருப்போ மிளகாயோ எடுத்தால், பில் லாரி டிரைவர் கையில் வரும். இன்று ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி நாகரசம்பட்டிக்குச் சரக்கு வந்து சேருமுன்பே பில் மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. வரித்துறை நோட்டீசும் அதே வழியில்தான் வருகிறது.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. சட்டம் 169-ஆவது பிரிவின்படி, பதிவில் நாம் கொடுத்துள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினாலே நோட்டீஸ் நம்மிடம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு வரும் நோட்டீசுக்குப் பதில் தர 7 வேலை நாட்களே அவகாசம். "மெயில் இறங்கவில்லை" என்று பின்னால் சொல்லித் தப்புவது கடினம்.

ஆகவே பதிவில் இருப்பது யாருடைய முகவரி என்று முதலில் பாருங்கள். கணக்கு எழுதுபவரின் முகவரியாக இருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே திருத்தம் கொடுத்து நம் முகவரியாக மாற்றிக்கொள்ளலாம்.

இறங்காததற்குக் காரணங்கள்

முதல் காரணம், பெட்டி நிரம்பியிருப்பது. ஜிமெயில் இலவசமாகத் தரும் இடம் 15 ஜி.பி. செல்போனிலிருந்து ஏறும் புகைப்படங்களும் அதே கணக்கில்தான் சேரும். நிரம்பிவிட்டால் புதிய கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பெரிய இணைப்புகளை நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

இரண்டாவது, பழைய அவுட்லுக் போன்ற மென்பொருள். பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்டு இயங்கும் மென்பொருள்களை ஜிமெயில் 2022 மே 30 முதல் ஏற்பதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். ஜிமெயில் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அங்கே கிடைக்கும் 16 எழுத்துத் தனிக் கடவுச்சொல்லை அவுட்லுக்கில் கொடுத்தால் கடிதங்கள் இறங்கும்.

மூன்றாவது, கடைக் கணினியில் இறங்கிய கடிதம் வீட்டுக் கணினியில் தெரியாமல் போவது. 'பாப்' என்னும் முறையில் ஒரு கணினி கடிதத்தை இறக்கியபின் சர்வரிலிருந்து நீக்கிவிடுவது உண்டு. 'ஐமேப்' முறைக்கு மாற்றினால் இரண்டு இடத்திலும் தெரியும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரிய இணைப்புள்ள ஒரே கடிதம் அடைத்துக்கொண்டு பின்னால் உள்ளவற்றை நிறுத்துவதும் உண்டு. பிரவுசர் வழியாக உள்ளே போய் அதை நீக்கினால் வழி திறந்துவிடும்.

இறங்கக்கூடாதவை

வந்ததையெல்லாம் திறப்பதும் ஆபத்து. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் வந்த ஓர் இணைப்புதான். திறந்தவர் கணினியைக் கெடுத்து, அவர் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது. இன்று அதே தந்திரம் பில், நோட்டீஸ், பார்சல் என்ற பெயரில் வருகிறது. கோப்பின் பெயர் 'ஈஎக்ஸ்ஈ' என்றோ 'ஜேஎஸ்' என்றோ முடிந்தால் அது பில் அல்ல, கணினியில் புகுந்து இயங்கும் நிரல்.

2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. நம் மாவட்ட எல்லைக்கு அப்பால், ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டார்கள். விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் கொள்க.

செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை கணக்குகளைப் பென்டிரைவில் நகல் எடுத்து, உடனே கழற்றித் தனியே வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். பிள்ளைகள் விளையாடும் கணினியில் வியாபாரக் கணக்கு இருந்தால், அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு அமைத்துக் கொடுங்கள்.

"எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று மண்டியின் பெயரில் கடிதம் வந்தால், பணம் அனுப்புமுன் நமக்குப் பழக்கமான எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும்.

காலையில் கடை திறந்ததும் கல்லாவையும் இருப்பையும் பார்க்கிறோம். அத்துடன் மின்னஞ்சலையும் ஐந்து நிமிடம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்வோம்.