ஐ.நா. தொப்பி போட்ட இந்திய வீரருக்கு கடைசி உத்தரவு யாருடையது? ராணுவ 'கேவியட்' பற்றி ஒரு விளக்கம்

வந்தவாசிப் போர் என்றதும் ஸ்கூல் புத்தகத்தில் படித்த வரி ஞாபகம் வரும்: ஆங்கிலேயர் ஜெயித்தார்கள், பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். 1760 ஜனவரி 22-ல் நடந்த அந்தச் சண்டையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பிரெஞ்சுத் தளபதி லாலி, மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்கு வைத்திருந்தார். ஆனால் சண்டை நாளில் அந்தப் படை களத்தில் இறங்கவே இல்லை, ஒதுங்கி நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனது.

ஒரே அணியில் நின்றாலும், 'இதுக்கு மேல நாங்க வரமாட்டோம்' என்று ஒரு படை முடிவெடுத்தால் என்ன ஆகும்? 260 வருஷம் கழித்தும் இதே கேள்வி ஐ.நா. அமைதிப்படையிலும் நேட்டோவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பட்டாளத்தில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளுக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை.

'கேவியட்' என்றால் என்ன?

கோர்ட் செய்திகளில் 'கேவியட் மனு' என்று கேட்டிருப்பீர்கள். 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது அது. ராணுவ கேவியட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். பல நாட்டுப் படைகள் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு ஒரு நாடு தன் வீரர்களை அனுப்பும்போது போடும் நிபந்தனை இது.

'இந்த மாகாணத்தைத் தாண்டி அனுப்பக் கூடாது', 'கலவரக் கூட்டத்தைக் கலைக்கும் வேலை தரக் கூடாது', 'தற்காப்புக்கு மட்டும்தான் சுடுவார்கள்', 'பெரிய நடவடிக்கை என்றால் முதலில் எங்கள் தலைநகரைக் கேட்க வேண்டும்' என்று பல வகை உண்டு.

ஜப்பான் ஒரு நல்ல உதாரணம். 2004 முதல் 2006 வரை இராக்கின் சமாவா நகரில் ஜப்பான் வீரர்கள் குடிநீர், சாலை, பள்ளிக்கூடப் பணிகளைச் செய்தார்கள். அவர்கள் நாட்டுச் சட்டப்படி சண்டையில் இறங்க முடியாது. அதனால் அந்த ராணுவ வீரர்களுக்கே நெதர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியப் படைகள் பாதுகாப்பு கொடுத்தன.

ஆப்கானிஸ்தானில் இது பெரிய தகராறாகவே ஆனது. ஜெர்மனி தன் வீரர்களைப் பெரும்பாலும் வடக்குப் பகுதியிலேயே வைத்திருந்தது. தெற்கே காந்தஹார், ஹெல்மந்தில் கனடா, பிரிட்டன், அமெரிக்க வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 'ஆபத்து எங்களுக்கு மட்டும்தானா?' என்ற கேள்வி 2006 நவம்பரில் ரிகாவில் நடந்த நேட்டோ மாநாடு வரை போனது.

இந்தியா என்ன நிபந்தனை வைக்கிறது?

பல நாட்டுப் படை என்றால் ஐ.நா. கொடி இருக்க வேண்டும் என்பதுதான் இந்தியாவின் நிலை. 2003-ல் இராக்குக்கு ஒரு டிவிஷன் அளவுக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. 'ஐ.நா.வின் தெளிவான ஒப்புதல் இருந்தால் பரிசீலிக்கலாம்' என்று சொல்லி, ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது.

ஐ.நா. கேட்டபோதும் ஒரு கோடு போட்ட வரலாறு உண்டு. 1950 கொரியப் போருக்கு இந்தியா சண்டைப் படையை அனுப்பவில்லை. 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை மட்டுமே அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து பாராசூட்டில் குதித்து, சண்டை நடந்த இடத்திலேயே சிகிச்சை கொடுத்தது இந்தப் பிரிவு. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

நிபந்தனை போட்டால் பயந்தவர்கள் என்று அர்த்தம் இல்லை. 1961-ல் ஐ.நா. படையில் காங்கோ போன கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, அங்கே சண்டையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றார்.

'அப்போ இலங்கைக்குப் போன அமைதிப்படை?' என்று கேட்கலாம். 1987-ல் போன அந்தப் படை ஐ.நா. படை இல்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தின்படி போனது, உத்தரவு டெல்லியில் இருந்துதான் வந்தது. அதனால் இந்தக் கணக்கில் அது சேராது.

ஐ.நா. படையில் யார் யாருக்கு பாஸ்?

இங்கேதான் சிக்கல். ஐ.நா.வுக்கென்று சொந்த ராணுவம் கிடையாது. நாடுகள் வீரர்களைக் கடனாகத் தருகின்றன. ஒரு வீரருக்கு மாதம் சுமார் 1,400 டாலர் என்ற கணக்கில் அந்தந்த அரசுக்கு ஐ.நா. பணம் தருகிறது. எங்கே நிற்பது, எங்கே ரோந்து போவது என்பதை ஐ.நா. தளபதி முடிவு செய்வார். ஆனால் சம்பளம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, ராணுவ நீதிமன்றம் எல்லாம் சொந்த நாட்டின் கையில்.

அதாவது ஒரு வீரர் உத்தரவை மீறினால் ஐ.நா. தளபதியால் தண்டிக்க முடியாது. அதிகபட்சம் ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம், அவ்வளவுதான். அதனால் ஆபத்தான உத்தரவு வந்தால் பல அதிகாரிகள் முதலில் போன் போடுவது தங்கள் தலைநகருக்கு.

இதனால் என்ன நடந்தது?

2014 ஆகஸ்ட், சிரிய எல்லையில் உள்ள கோலன் குன்றுகள். ஐ.நா. படைத் தளபதி இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் இக்பால் சிங் சிங்கா. கிளர்ச்சியாளர்கள் 45 ஃபிஜி வீரர்களைப் பிடித்துவிட்டு, பிலிப்பைன்ஸ் வீரர்களின் முகாமையும் சுற்றி வளைத்தார்கள். ஃபிஜி வீரர்களைக் காப்பாற்ற ஆயுதங்களை ஒப்படைக்கும்படி தளபதி சொன்னதாக பிலிப்பைன்ஸ் ராணுவம் குற்றம்சாட்டியது. சிங்கா அதை மறுத்தார். சுட வேண்டாம் என்றுதான் சொன்னதாகக் கூறினார். மணிலாவின் பேச்சைக் கேட்டு 40 பிலிப்பைன்ஸ் வீரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தப்பினார்கள். ஃபிஜி வீரர்களும் செப்டம்பர் 11-ல் உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள். தப்பித்தது அந்த வீரர்கள் செய்தது சரியா தவறா என்ற வாதம் அப்போது இரண்டு பக்கமும் பலமாக இருந்தது.

2016 ஜூலையில் தெற்கு சூடானின் ஜுபாவில் முடிவு இப்படி நல்லதாக இல்லை. ஐ.நா. முகாமில் இருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் இருந்த ஒரு விடுதி வளாகத்துக்குள் அரசுப் படையினர் புகுந்து, கொலையும் பாலியல் வன்முறையும் செய்தார்கள். உள்ளே இருந்தவர்கள் உதவி கேட்டுக் கெஞ்சினார்கள். ஐ.நா. வீரர்கள் யாரும் போகவில்லை. முகாமில் இருந்த சீனா, எத்தியோப்பியா, இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாட்டுப் படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கவில்லை, ஒன்றுக்கொன்று முரணான உத்தரவுகள் போயின என்று ஐ.நா. விசாரணை சொன்னது. படைத் தளபதியான கென்ய அதிகாரி நீக்கப்பட்டார். அந்தக் கோபத்தில் கென்யா தன் வீரர்களையே திரும்ப அழைத்துக்கொண்டது.

அப்படின்னா நிபந்தனையே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1994-ல் ருவாண்டாவில் பெல்ஜியத்தின் 10 வீரர்கள் கொல்லப்பட்டார்கள். உடனே பெல்ஜியம் தன் படையை வாபஸ் வாங்கியது, இனப்படுகொலை தொடர்ந்தது. வீரர்களின் உயிருக்கு எந்த அரசும் தன் மக்களிடம்தான் பதில் சொல்ல வேண்டும், நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா.விடம் இல்லை. ஐ.நா. பணியில் இதுவரை சுமார் 180 இந்தியர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். மற்ற எந்த நாட்டுக்கும் இவ்வளவு இழப்பு இல்லை.

பிரச்னை, சொல்லாத நிபந்தனைதான். இங்கே போகமாட்டோம் என்று முன்பே எழுதிக் கொடுத்தால் தளபதி வேறு படையைத் தயாராக வைத்துக்கொள்வார். துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு 'டெல்லியைக் கேட்கணும்', 'பெய்ஜிங்கைக் கேட்கணும்' என்றால், காத்திருந்து சாவது கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொதுமக்கள்.

2015-ல் ஜோசே ரமோஸ் ஹோர்டா தலைமையிலான ஐ.நா. குழுவும் இதைத்தான் சொன்னது. ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளைத் தவிர, பிறகு புதிதாகச் சொல்லும் எதையும் உத்தரவை மீறியதாகவே கருத வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆனால் மீறினால் தண்டிக்கும் அதிகாரம் இன்னும் நாடுகளிடம்தான் இருக்கிறது.

அதனால் உங்கள் தெருவில் ஒருவர் 'ஐ.நா. மிஷனுக்குப் போறேன்' என்று பெட்டி கட்டினால், அவருக்கு இரண்டு முதலாளிகள் என்று புரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேரும் கிளம்பும் முன்பே ஒரே பேச்சில் இருந்தால் அவருக்கும் நல்லது, அவரை நம்பி அங்கே காத்திருக்கும் ஜனங்களுக்கும் நல்லது.