கன்றுக்குட்டிக்குக் கடற்பாசியா?

பென்னாகரம் வாசகர் ஒருவரின் கேள்வி: "கன்றுக்குக் கடற்பாசித் தூள் வைத்தால் ஏப்பத்தில் வரும் மீத்தேன் 80 சதவீதம் குறையும், கன்றும் கிடுகிடுவென வளரும் என்கிறார்கள். வாங்கலாமா?" ஆலம்பாடி மாட்டுக்குப் பேர்போன, கடற்காற்றே படாத தருமபுரி மாவட்டம்வரை இந்தப் பேச்சு வந்துவிட்டது.

80 சதவீதம் என்பது பொய்யில்லை. கலிபோர்னியாவில் 21 காளைகளுக்கு 147 நாள் கொடுத்துப் பார்த்து, 2021இல் வெளியிட்ட எண். ஆனால் அது தானியம் மிகுந்த தீவனத்தில் கிடைத்தது. நார்த்தீவனம் கூடியபோது குறைப்பு ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நம் மாடு தின்பது கேழ்வரகுத்தாளும் சோளத்தட்டும். போதாக்குறைக்கு, அங்கே கொடுத்த பாசி அஸ்பராகாப்சிஸ். மண்டபம் கடற்கரைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்ப்பது கப்பாஃபைகஸ். இரண்டும் சிவப்புப் பாசி என்பதோடு உறவு முடிந்தது.

வித்தை அஸ்பராகாப்சிஸின் சுரப்பிச் செல்களில் இருக்கிறது. மாட்டின் அசையூண் வயிற்றில் நார் புளிக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். அது தேங்கினால் புளிப்பு மந்தமாகிவிடும். கல்யாணப் பந்தியில் எச்சில் இலையை எடுத்தால்தானே அடுத்த பந்தி? இங்கே இலை எடுப்பவை ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள். ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சுருட்டி மீத்தேனாகக் கொல்லையில் வீசுகின்றன. சுரப்பிச் செல்லில் உள்ள புரோமோஃபார்ம், ஆர்க்கியாவின் பி12 வைட்டமினைப் பிடித்துக்கொள்ள, மெத்தில் தொகுதி கைமாறாமல் வேலை பாதியில் நிற்கிறது. இலை எடுப்பவர் கையைக் கட்டியாயிற்று, இலைகள் என்னவாகும்? சில மதில் தாண்டிப் பறக்கின்றன, அதாவது ஹைட்ரஜனாகவே ஏப்பத்தில் போகின்றன. சிலவற்றைச் சமையல்காரரே (நாரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரே) எடுத்துத் தன் ஆட்டுக்குப் போடுகிறார்: புரோப்பியோனிக் அமிலமாகி மாட்டுக்குச் சத்தாகிறது. 'கிடுகிடு வளர்ச்சி' விளம்பரம் முழுக்க இந்த ஆட்டை நம்பித்தான். அது கொழுத்ததாக எல்லாச் சோதனைகளும் சாட்சி சொல்லவில்லை.

பிறந்த கன்றுக்கோ கல்யாண மண்டபமே, அதாவது அசையூண் வயிறே, இன்னும் திறக்கவில்லை. பால், உணவுக்குழாய்ப் பள்ளம் வழியாக நேரே நான்காம் இரைப்பைக்குப் போய்விடும். ஆனாலும் ஆர்க்கியா முன்கூட்டியே வந்து இடம்பிடித்துவிடும். அப்போதே தடுத்தால் பின்னாளிலும் குறையுமா? பிரான்சில் 18 கன்றுகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பிறந்தது முதல் 14 வாரம் ஒரு மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். ஓராண்டு வயதிலும் அந்தப் பிரிவில் மீத்தேன் குறைவாகவே இருந்தது. அழகான முடிவு. ஆனால் கொடுத்தது பாசியல்ல, 3-நைட்ராக்சிபுரொப்பனால் என்ற ஆய்வகச் சேர்மம்.

வரலாறு வேண்டுவோருக்கு: ஸ்காட்லாந்தின் நார்த் ரொனால்ட்சே தீவு ஆடுகள் இன்றும் பாசியைத்தான் மேய்கின்றன. அஸ்பராகாப்சிஸின் வித்தையை 2014 வாக்கில் வெளிக்கொண்டுவந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். இது போதும்.

புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும். அசல் பாசியையே மணலில் கொட்டி வெயிலில் உலர்த்தினால் சரக்கின் உயிர் காற்றோடு போய்விடும். நெதர்லாந்துச் சோதனையில் புரோமோஃபார்ம் பாலிலும் சிறுநீரிலும் தென்பட்டது. பசுக்கள் அந்தத் தீவனத்தை ஒதுக்கவும் செய்தன.

மீத்தேன்தான் கவலை என்றால், பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் டானின் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற கலவையைச் செய்திருக்கிறது. அவர்கள் சொல்வது 17 முதல் 20 சதவீதம்தான். அந்த அடக்கமே நம்பவைக்கிறது.

பென்னாகரத்தாருக்கு: மூட்டையில் பாசியின் பெயரும், பாசியில் மிகும் அயோடினின் அளவும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்குக் கன்றுத் தீவனமும் தாது உப்புக் கலவையும் வாங்குங்கள். பிறந்த முதல் மணி நேரச் சீம்பாலுக்குக் காசே வேண்டாம்.